ஒன்றேகால் அங்குலம்

“இந்த ஓட்டைக்குள்ள போச்சுன்னா புள்ள தொண்டைக்குள்ளயும் போயிரும் தம்பி.”

ஹட்டனில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒரு பலகைத் துண்டை நீட்டினார். நடுவில் ஒன்றேகால் அங்குல ஓட்டை.

பிள்ளைகள் விளையாடும் மரவண்டியின் சக்கரத்தை அதில் வைத்தார். நின்றது. அச்சு முளையை வைத்தார். விழுந்தது. உடனே முளையை வேறு மாதிரி இறுக்கி அடித்து, இழுத்து இழுத்துப் பார்த்தார்.

பல நாடுகளின் பொம்மைப் பரிசோதனையிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான்: 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழல். அதில் முழுசாக அடங்கும் துண்டு எதுவும் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆகாது.

வண்டி செய்தது, கட்டிலுக்கு அறுத்து மிஞ்சிய பலாக்கட்டையில். பெயின்ட் இல்லை, தேன்மெழுகு மட்டும். பிள்ளை எதையும் வாயில்தானே வைக்கும்! சில பெயின்டில் இருக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பளபளப்பைப் பார்த்து வாங்குவதை நாம் நிறுத்தவே வேண்டும்.

சக்கரம் உடைந்தால் வேறொன்று கடைந்து தருவாராம். பிளாஸ்டிக் வண்டி உடைந்தால் லயத்துக் கானில்தான் கிடக்கும்.

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராக்களுக்கு (பிள்ளை பராமரிப்பு நிலையங்களுக்கு) விளையாட்டுச் சாமான் வாங்குகிறவர்களே, முதலில் இப்படியான பட்டறைகளில் கேளுங்கள். எங்கள் ஊர்ப் பெடியன்களுக்கும் வேலை கிடைக்கும்.