ஃபீல்-குட்: எங்கே பொருந்தும், எங்கே உதைக்கும்

தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டினால் "ஃபீல் குட் மூவி ப்ரோ" என்று ஒருவராவது சொல்லிவிடுவார். தமிழ்ப் பேச்சில் இவ்வளவு சரளமாகப் புழங்கும் பெயரடை, ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் நிறையப் பேரைத் தடுமாற வைக்கிறது.

மனதை லேசாக்கி, கொஞ்சம் நெகிழவும் வைத்து, நிறைவோடு அனுப்பிவைக்கும் படைப்புக்குத்தான் இந்தச் சொல். நடுவில் கண்ணீர் வரலாம், முடிவு கசக்கக் கூடாது. விழுந்து விழுந்து சிரிக்க வைக்கிற படம் எல்லாம் இதில் சேராது. நெகிழ்ச்சியும் இருக்க வேண்டும்.

பிழை அதிகம் வருவது சொல்லை வைக்கும் இடத்தில். இது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்க விரும்பும் சொல்: 'எ ஃபீல்-குட் ஸ்டோரி'. 'தி ஸ்டோரி இஸ் ஃபீல்-குட்' என்பது பேச்சில் ஓடிவிடும், கட்டுரையில் உறுத்தும். இரண்டு சொற்கள் சேர்ந்து ஒரே பெயரடை ஆவதால் நடுவில் சிறுகோடு தேவை. பிரிட்டனில் கோடில்லாமல் ஒரே சொல்லாகச் சேர்த்தும் எழுதுவார்கள். கோடும் இல்லாமல் பிரித்தும் எழுதினால் அது வினை: 'ஐ ஃபீல் குட்'. அதனால்தான் 'ஐ ஆம் ஃபீல்-குட் டுடே' தப்பு. அந்த உணர்வைத் தரும் பொருளுக்குத்தான் இந்த அடைமொழி, உணர்கிற ஆளுக்கு அல்ல. 'ஃபீல்-குட் ஃபீலிங்' வெறும் கூறியது கூறல்.

பக்கத்துச் சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'ஹார்ட்வார்மிங்' என்றால் மனதுக்கு இதம் தருவது, பெரும்பாலும் பாராட்டுதான். 'சீஸி' என்றால் மலிவான, செயற்கையான உருக்கம். 'கார்னி' பழசாகிப் புளித்துப்போன ஜோக்குக்கும் வசனத்துக்கும். 'ஷ்மால்ட்ஸி' இன்னும் ஒரு படி மேலே, உருக்கம் வழிந்து ஓடுகிற நிலை. உருக்கிய கோழிக் கொழுப்பைக் குறிக்கும், ஐரோப்பிய யூதர்களின் யிட்டிஷ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது அது. எவ்வளவு பொருத்தமான பிறப்பு!

அரசியலுக்குப் போனால் ஃபீல்-குட் கொஞ்சம் நிறம் மாறும். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளும் பா.ஜ.க. கூட்டணியின் 'இந்தியா ஒளிர்கிறது' விளம்பரங்களோடு 'ஃபீல்-குட் ஃபேக்டர்' என்ற தொடரும் நாடெங்கும் அடிபட்டது. கடைசியில் அந்தக் கூட்டணி தோற்றது. ஒரு திட்டத்தை 'எ ஃபீல்-குட் மெஷர்' என்று நாளிதழ் எழுதினால் பெரும்பாலும் அது புகழ்ச்சி அல்ல: கேட்க இதமாக இருக்கிறது, பலன் சந்தேகம் என்று பொருள். விமர்சனத்தில் 'ஜஸ்ட் அனதர்' என்று முன்னால் சேர்த்தாலும் இதே கதிதான், பாராட்டு அலுப்பாகிவிடும்.