கொழுப்பெடுத்த கப்பல்

நேற்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது ஷாஸர். அமெரிக்காவின் பால்டிமோரில் கட்டிய ஸ்கூனர், அதாவது வேகமான பாய்மரக் கப்பல். அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய 1812 போர்க்காலம். எதிரியின் வணிகக் கப்பல்களைப் பிடிக்க அரசு உரிமம் பெற்ற தனியார் கப்பல். உரிமம் வாங்கிய கொள்ளை, வேறென்ன!

1814-இல் அதன் கேப்டன் தாமஸ் பாயில், பிரிட்டன், அயர்லாந்து கரை மொத்தத்தையும் தான் முற்றுகையிட்டிருப்பதாக அறிக்கை எழுதி, பிடித்த கப்பல் ஒன்றிலேயே லண்டனுக்கு அனுப்பினார். கப்பல் காப்பீட்டுக்காரர்கள் கூடும் லாயிட்ஸ் காபிக்கடையில் ஒட்ட வேண்டுமாம்!

அப்புறம் 1815 பிப்ரவரி 26, கியூபா பக்கம். வணிகக் கப்பல்தானே என்று நெருங்கினால், மூன்றே பீரங்கித் துளைகள் தெரிந்த பக்கத்தில் திடீரென்று பத்து திறக்கின்றன. பிரிட்டிஷ் கடற்படையின் செயின்ட் லாரன்ஸ். சுமார் கால் மணி நேரத்தில் அதுவும் சரண். அதுவே பழைய அமெரிக்கக் கப்பல்தான், பிரிட்டன் பிடித்துப் பெயர் மாற்றியது.

வாஷிங்டனில் இந்தப் போரை முடிக்கும் சமாதான ஒப்பந்தம் ஏற்கப்பட்டு அப்போது ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.