130, 60 என்று எழுதி ஃபெயிலானவன் சொல்வது

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் என்ற பொறியியல் பாடம், இரண்டாவது முயற்சியில் பாஸ். போன தடவை என்னைக் கவிழ்த்தது முழுக்கப் படித்துவிட்டதாக நான் நினைத்த பகுதிதான்: பல துண்டுகள் சேர்ந்த கூட்டு வெட்டுமுகத்தின் சென்ட்ராய்டு (பரப்பின் மையம்), நிலைமத் திருப்புத்திறன் (வெட்டுமுகம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு, சுருக்கமாக ஐ). விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது என் அட்டவணையில் ஒரே ஒரு கட்டத்தைச் சுற்றி சிவப்பு வட்டம். அதற்குக் கீழே ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு கோடு கூடப் போடவில்லை. திருத்தியவர் அங்கேயே நிறுத்திவிட்டார் போல. கோபம் வந்தது. ஆனால் அந்தக் கட்டத்தை இரண்டு நிமிடம் பார்த்ததும் கோபம் என் மேலேயே திரும்பிவிட்டது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், சாதாரண டி (T) வடிவம்தான். மேலே 120 × 20 ஃபிளாஞ்ச் (படுக்கைப் பட்டை), கீழே 20 அகலம் 120 உயரத்தில் வெப் (செங்குத்துத் தண்டு). எல்லாம் மி.மீ. அடிமட்டத்திலிருந்து அளந்தால் ஃபிளாஞ்சின் மையம் 130, வெப்பின் மையம் 60. இரண்டுக்கும் பரப்பு 2400 என்பதால் சென்ட்ராய்டு நடுவில், 95-இல். இதுவரை சரியாகத்தான் போட்டிருந்தேன். அப்புறம் இணை அச்சுத் தேற்றம்: ஒவ்வொரு துண்டின் சொந்த ஐ-யோடு, பரப்பு × (சென்ட்ராய்டிலிருந்து அதன் தூரம்)²-ஐக் கூட்டுவது. அதில் ‘தூரம்’ என்ற கட்டத்தில் 35, 35 என்று வர வேண்டும். நான் எழுதியது 130, 60. முந்தைய கட்டத்தில் இருந்த எண்ணைக் கை அப்படியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

விடை 8.84 × 10⁶ மி.மீ⁴. எனக்கு வந்தது 52.16 × 10⁶. கிட்டத்தட்ட ஆறு மடங்கு! அடுத்த உட்பிரிவு வளைவுத் தகைவு (வளையும்போது பொருளுக்குள் எழும் அழுத்தம் அல்லது இழுவை). பீமை வளைக்கும் திருப்புத்திறன் 10 கிலோநியூட்டன்-மீட்டர் என்றால் அடியில் 107 மெகாபாஸ்கல் வர வேண்டிய இடத்தில் எனக்கு 18. எண்கள் அழகாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை. அதற்கடுத்த உட்பிரிவுக்கும் அதே ஐ-தான், அதுவும் போச்சு.

ஆகவே நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். அட்டவணையில் அடியிலிருந்து அளந்த தூரத்துக்கு ஒரு கட்டம், சென்ட்ராய்டிலிருந்து அளந்த தூரத்துக்கு வேறொரு கட்டம், நடுவில் ஒரு தடித்த கோடு. ஒய்-பார் (அடியிலிருந்து சென்ட்ராய்டின் உயரம்) கிடைக்கும் வரை கோட்டுக்கு வலப்பக்கம் எதையும் எழுதக் கூடாது. கிடைத்த பிறகு இடப்பக்கத்தைப் பார்க்கக் கூடாது, கழிப்பதற்கு மட்டும் பார்க்கலாம். நான் இடப்பக்கத்தைத் துண்டுத்தாள் வைத்தே மறைத்துக்கொண்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அதோடு ஒரு சோதனை. ஒவ்வொரு துண்டின் பரப்பையும் சென்ட்ராய்டிலிருந்து அதன் தூரத்தால் பெருக்குங்கள். மேலே இருப்பதற்கு கூட்டல் குறி, கீழே இருப்பதற்கு கழித்தல் குறி. மொத்தம் பூஜ்யம் வர வேண்டும். மேலே உள்ள கணக்கில் 2400 × 35 ஒரு பக்கம், 2400 × 35 மறுபக்கம், சரியாகப் போய்விடுகிறது. நான் எழுதிய 130, 60-ஐ இதில் போட்டிருந்தால் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து நான்கரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். அரை நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஆறு மாதம் காத்திருந்தேன்.

ஆனால் இந்தச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. ஒரு துண்டின் சொந்த ஐ-யைத் தப்பாக எழுதினால் இது கண்டுகொள்ளாது. நேரம் இருந்தால் அதற்கு வடிவத்தை வேறு மாதிரி வெட்டிப் பாருங்கள். அதே டி-யை 140 உயரமுள்ள முழு வெப், இரு பக்கமும் 50 × 20 காதுகள் என்று பிரித்தாலும் 95-ம் 8.84-ம்தான் வரும். நான் மெதுவாகப் போடுகிற ஆள், கால்குலேட்டரை நம்பாதவன். அதனால் இரண்டு தடவை வெட்டுவது எனக்கு நிம்மதி. வேகமாகப் போட்டுவிட்டு எழுந்து போகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம்.

மற்றவை, வரிசை எதுவும் இல்லாமல்:

– முக்கோணத்தின் ஐ-க்கு அகலம் × உயரம்³-ஐ மையம் வழியாக 36-ஆல் வகுக்க வேண்டும், அடிப்பக்கம் வழியாக 12-ஆல். செவ்வகத்துக்கு மையம் வழியாகவே 12. இந்த 12-கள் பார்க்க ஒன்றுபோல இருந்து கழுத்தறுக்கும்.

– அரைவட்டத்துக்கு பை ஆரம்⁴ / 8 என்பது விட்டம் வழியான அச்சுக்கு. சென்ட்ராய்டு வழியான அச்சுக்கு சுமார் 0.11 ஆரம்⁴. சென்ட்ராய்டு விட்டத்திலிருந்து 0.424 ஆரம் தள்ளி இருக்கும். இணை அச்சுத் தேற்றத்தைப் போடும்போது 0.11-இலிருந்துதான் தொடங்க வேண்டும்.

– ஆங்கில I எழுத்து போன்ற சமச்சீர் வடிவத்துக்கு அட்டவணையே வேண்டாம். பெரிய செவ்வகத்திலிருந்து பக்கத்து வெற்றிடத்தைக் கழித்தால் போதும். ஆனால் இரண்டின் மையமும் ஒன்றாக இருந்தால்தான். மேல் ஃபிளாஞ்ச் கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் இந்த வழி செல்லாது.

– இரண்டு பொருள் சேர்ந்த பீம் என்றால் மீள்தன்மைக் குணக (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) விகிதத்தால் அகலத்தை மட்டும் பெருக்குங்கள். உயரத்தைத் தொடாதீர்கள்.

– செ.மீ⁴-ஐ மி.மீ⁴ ஆக்க பத்தாயிரத்தால் பெருக்க வேண்டும். நூறால் பெருக்கியவர்களை எனக்குத் தெரியும்.

– படத்தைப் பெரிதாகப் போடுங்கள். என் படம் போன தடவை தீப்பெட்டி அளவு.

துளைக்கு மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தத் தடவை வந்தது அதுதான். 100 அகலம் 200 உயரச் செவ்வகம், அடியிலிருந்து 150-இல் 60 விட்டமுள்ள துளை. பரப்பு, பரப்பு × தூரம், சொந்த ஐ, பரப்பு × தூரம்² எல்லாமே துளைக்குக் கழித்தல்தான். தூரத்தை வர்க்கப்படுத்தினால் கழித்தல் காணாமல் போய்விடும் என்று நினைத்து அதைக் கூட்டிவிடுகிற ஆட்கள் உண்டு. கழித்தல் இருப்பது பரப்பில், தூரத்தில் இல்லை.

நான் அதில் தவறவில்லை, வேறொன்றில் மாட்டினேன். மேலே துளையின் 4,24,115-ஐக் கழித்துவிட்டு, கீழே வகுக்கும்போது செவ்வகத்தின் முழு 20,000-ஐயே போட்டுவிட்டேன். ஒய்-பார் 78.8 என்று வந்தது. நடுவுக்குக் கீழே என்பதால் பார்க்கவும் நம்பும்படிதான் இருந்தது. பூஜ்யச் சோதனையில் ஒரு பக்கம் நான்கு லட்சத்துச் சொச்சம், மறுபக்கம் இரண்டு லட்சம். பெருக்கலில் தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன், அதேதான் வந்தது. அப்புறம்தான் வகுத்த எண்ணைப் பார்த்தேன். 17,173 ஆல் வகுத்ததும் 91.8. இரு பக்கமும் 1,64,600 பக்கம் வந்து நின்றன. ஐ 57.8 × 10⁶ என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டபோது மணி அடிக்க நான்கு நிமிடம் இருந்தது.