வவுனியா நெரிசல்: ஓடுகிற வாகனமா, நிற்கிற வாகனமா?

வவுனியாவில் நெரிசல் என்றதும் "வாகனம் கூடிப்போச்சு, வீதியை அகலமாக்க வேணும்" என்றுதான் பேச்சுத் தொடங்கும். வாகனம் கூடியது உண்மை. ஆனால் பசார் வீதியிலோ ஹொரவப்பொத்தானை வீதியிலோ கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வீதியை அடைப்பது ஓடுகிற வாகனமில்லை, நிற்கிற வாகனம்.

கணக்கு எளிது. ஒரு வழித்தடம் சுமார் 3.5 மீற்றர். கடைக்குச் சாமான் இறக்கும் கன்டர் (சின்ன லொறி) ஒன்று அதில் 2 மீற்றரைப் பிடித்துவிட்டால், மிஞ்சும் ஒன்றரை மீற்றரில் மோட்டார் சைக்கிள் போகும், ஓட்டோ நெளிந்து நெளிந்து போகும், வேறெதுவும் போகாது. பின்னால் வருகிற வான் எதிர்த்தடத்துக்கு ஏறவேண்டும். அந்த நேரம் எதிர்ப்பக்கத்தில் ஒரு பஸ் ஆள் ஏற்ற நின்றால் வீதி பூட்டுப்பட்டது மாதிரித்தான். இப்படிப்பட்ட இடத்தில் அகலிப்பு செய்தால் கிடைப்பது இரண்டாவது வரிசைத் தரிப்பு மட்டுமே. சாமான் இறக்குவதைக் காலை 7 மணிக்கு முன்னும் இரவிலும் என்று கட்டுப்படுத்தினால் ஒரு சதம் செலவில்லாமல் பாதி வேலை முடியும். பாடசாலை விடும் 1.30 மணிக்கு லொறி நிற்கவே கூடாது.

கிளிநொச்சியின் சிக்கல் வேறு. ஊரே கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியின் இரு பக்கமும் நீளமாகக் கிடக்கிறது. இடப்பக்கம் ஓடும் நாடு இது. வலப்பக்கக் கடைக்குத் திரும்புகிறவர் நடுவீதியில் இடைவெளிக்குக் காத்து நிற்பார், அவருக்குப் பின்னால் யாழ்ப்பாணம் போகிற லொறியும் நிற்கும். ஒவ்வொரு கடை வாசலும் ஒரு குட்டிச் சந்தியாகிவிடுகிறது. புதிய கடைத்தொகுதிக்கு வரைபட அனுமதி கொடுக்கும்போதே வாசலைக் குறுக்கு வீதிப் பக்கம் வைக்கச் சொல்லவேண்டும். கட்டி முடித்த பிறகு சொல்லிப் பயனில்லை. தரிப்பிடம் என்றால் கார் மட்டும் என்ற எண்ணமும் இங்கே பொருந்தாது. ஒரு காருக்கு ஒதுக்கும் 2.4 க்கு 4.8 மீற்றர் இடத்தில் ஐந்து மோட்டார் சைக்கிள்களை நிறுத்தலாம். வன்னியில் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எதில் வருகிறார்கள் என்பது கடைக்காரருக்கே தெரியும்.

இனி பஸ். சந்திக்கு முன்னால் பஸ் நின்றால், இடப்பக்கம் திரும்ப வருகிற அத்தனை வாகனமும் அதன் பின்னால் அடைபடும். ஆகவே பஸ் தரிப்பிடம் சந்தியைத் தாண்டி இருக்கவேண்டும், அதுவும் குறைந்தது 30 மீற்றர் தள்ளி. இல்லாவிட்டால் இரண்டாவது பஸ்ஸின் வால் சந்திக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். பெரிய பஸ் 11, 12 மீற்றர் நீளம். இரண்டு நிற்க 25 மீற்றர், உள்ளே வரவும் வெளியேறவும் இரு பக்கமும் சரிவாக இன்னும் 15 மீற்றர் வீதம் தேவை. இந்தச் சரிவைக் கஞ்சத்தனமாகக் கட்டினால் சாரதி முழுதாக உள்ளே வரமாட்டார், பஸ்ஸின் பின்பக்கம் வீதியில் இருக்கும். மஞ்சள் கடவை தரிப்பிடத்துக்குப் பின்னால் வரவேண்டும். முன்னால் இருந்தால், பஸ்ஸுக்கு முன்னே இறங்கிக் கடப்பவர், பஸ்ஸை முந்தி வருகிற மோட்டார் சைக்கிள்காரரின் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

இவ்வளவும் சரியாகக் கட்டியும் தரிப்பிடம் வெறுமனே கிடக்கும் இடங்கள் உண்டு. ஓட்டோக்கள் பிடித்திருக்கும், அல்லது கடைத்தெருவிலிருந்து தூரமாயிருக்கும். நகர அமைப்பாளர்கள் 400 மீற்றர் நடக்கலாம் என்பார்கள். வெறுங்கையோடு நடக்கலாம். 10 கிலோ அரிசியும் ஒரு பிள்ளையும் கையிலென்றால் 150 மீற்றரே அதிகம். ஆள் நிற்கிற இடத்தில்தான் சாரதி பிரேக் போடுவார். வவுனியாவில் 2017 இல் திறந்த புதிய பஸ் நிலையம் தொடர்பாக இலங்கைப் போக்குவரத்துச் சபையும் (இ.போ.ச.) தனியார் பஸ்காரரும் மோதியதை எல்லோரும் பேசினார்கள். அங்கிருந்து கடைத்தெருவுக்கு எப்படிப் போவது என்பது அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. 2016 இல் பொருளாதார மத்திய நிலையம் (மரக்கறி மொத்தச் சந்தை) ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று இழுபட்டபோதும் இதே கதைதான்.

இ.போ.ச.வுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரே நேர அட்டவணை (இணைந்த நேர அட்டவணை) ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. நெடுங்கேணிப் பக்கமோ செட்டிகுளப் பக்கமோ மணிக்கு இரண்டு பஸ் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணிக்கு ஒன்றாகப் போனால் பயணி சராசரியாகக் காத்திருப்பது 15 நிமிடம். இரண்டும் போட்டி போட்டு 5 நிமிட இடைவெளியில் போய்விட்டு அடுத்த 55 நிமிடம் ஒன்றுமில்லையென்றால் சராசரி 25 நிமிடத்துக்கு மேல். அதே பஸ், அதே டீசல். காத்திருந்து அலுத்தவர்கள் அடுத்தமுறை மோட்டார் சைக்கிளில் வருவார்கள். ஒரு பஸ்ஸில் வரவேண்டிய 50 பேர் இருவர் இருவராக வந்தாலும் 25 மோட்டார் சைக்கிள். அவற்றை வரிசையாக நிறுத்த 22 மீற்றருக்கு மேல் வீதியோரம் வேண்டும். கடைசி பஸ்ஸின் நேரம் இன்னும் முக்கியம். அது 5 மணிக்கென்றால், 4.15 க்கு வேலை முடிகிறவர் கடைக்குப் போகவே மாட்டார்.

யாருக்கு எழுதுவது என்பதில்தான் பல கடிதங்கள் வீணாகின்றன. ஏ, பி தர வீதிகளில் பஸ் தரிப்பிடமோ கடவையோ வேண்டுமென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி வீதிகளுக்கு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். உள் வீதிகளுக்கு மாநகர சபை அல்லது பிரதேச சபை. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸின் வழித்தடமும் நேரமும் வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் பொறுப்பு. மாகாணம் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. இ.போ.ச. பஸ்ஸுக்கு அந்தந்தச் சாலை (டிப்போ) முகாமையாளர். "பஸ் ஒழுங்காக வருவதில்லை" என்று மட்டும் எழுதினால் கோப்புக்குள் போய்விடும். வழித்தட இலக்கம், நிற்கும் இடம், ஒரு கிழமை நாளிலும் ஒரு சனிக்கிழமையிலும் ஒவ்வொரு பஸ்ஸும் வந்த நேரம், ஏற முடியாமல் நின்றவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் அனுப்புங்கள். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்பே அனுப்பினால் அது நிகழ்ச்சி நிரலில் ஏற வாய்ப்புக் கூட.