30 மாதக் கெடுவுக்குள் ஓர் உரிமம்

ஆறாத சர்க்கரைப் புண்ணுக்குப் போடும் ஒரு ஜெல்லை எங்கள் ஆய்வகத்தில் உருவாக்கினோம். எலிகளில் நல்ல பலன் தெரிந்தது. அதைத் தயாரித்து விற்கும் உரிமத்தைப் பல்கலைக்கழகம் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துக் கையெழுத்தாக இரண்டரை வருடம் ஆனது. அதே வழியில் இறங்கப்போகிற மாணவர்கள் இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுதாக எழுதிவைப்பது நல்லது.

ஆரம்பத்திலேயே எல்லாம் கைவிட்டுப் போயிருக்கும். ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பியிருந்தேன். எங்கள் கண்டுபிடிப்புகளை நிறுவனங்களிடம் கொண்டுசேர்க்கும் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்கு வேறொரு வேலையாகப் போனபோது அதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அங்கிருந்த அதிகாரி உடனே, "சுருக்கம் எந்தத் தேதியில் இணையத்தில் ஏறும்?" என்றார். நான் மேடையில் பேசும் நாள்தான் கணக்கு என்று நினைத்திருந்தேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஆகிற நாள்தான் கணக்காம். காப்புரிமை விண்ணப்பம் அதற்கு முன்னால் போயிருக்க வேண்டும். கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் அமெரிக்காவில் விண்ணப்பிக்க ஒரு வருட அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது. விண்ணப்பத்துக்கு ஒரு நாள் முன்னால் வெளியானாலும் போச்சு. எங்களுக்கு இருந்தது 11 நாள். கண்டுபிடிப்புப் படிவம், ஆய்வகக் குறிப்பேடுகளின் பிரதி, காப்புரிமை வழக்கறிஞருடன் மூன்று இரவுப் பேச்சு. ஒன்பதாம் நாள் விண்ணப்பம் போனது.

பொதுப் பணத்தில் செய்த ஆராய்ச்சிக்கு எதற்குக் காப்புரிமை, அப்படியே வெளியிட்டுவிட வேண்டியதுதானே என்று சக ஊழியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மனிதர்களில் சோதனை நடத்தும் செலவை எந்த ஆய்வகமும் தாங்காது. பின்னால் யாரும் நகலெடுக்கலாம் என்றால் அந்தச் செலவை ஏற்க நிறுவனங்களும் வருவதில்லை. தவிர, காப்புரிமை என்பது பூட்டு மட்டுமில்லை. இன்சுலின் காப்புரிமையை 1923இல் அதன் கண்டுபிடிப்பாளர்கள் ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். வேறு யாரும் அதைத் தனியுரிமை ஆக்கிக்கொள்ளக் கூடாது, தரமும் குறையக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். சாவி யார் கையில், என்ன நிபந்தனையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். இது எனக்கு முழுதாகப் புரிந்தது ஒப்பந்தப் பேச்சின்போதுதான்.

படிவத்தில் கண்டுபிடிப்பாளர்கள் என்ற இடத்தில் ஏழு பேரை எழுதியிருந்தேன். வழக்கறிஞர் அதை மூன்றாக்கினார். ஆய்வுக் கட்டுரையில் பெயர் போடுவது மாதிரி இல்லை இது. உரிமைக்கோரலில், அதாவது எதற்குப் பாதுகாப்பு கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் சொல்லும் பகுதியில், உள்ள யோசனைக்குப் பங்களித்தவர்தான் கண்டுபிடிப்பாளர். சொன்ன சோதனையைச் செய்துகொடுத்தவர், எவ்வளவு உழைத்திருந்தாலும், அதில் வரமாட்டார். தவறான பட்டியலால் காப்புரிமையே செல்லாமல் போகலாம். இரண்டு வருடம் தினமும் எலிகளுக்குக் கட்டு மாற்றிய உதவியாளரிடம் இதை நானே போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ராயல்டியில், அதாவது விற்பனையிலிருந்து நிறுவனம் தரும் தொகையில், ஆய்வகத்துக்கு வரும் பங்கைப் பிரிக்கும்போது அவர் பெயரும் இருக்கும் என்று அன்றே எழுதிக் கையெழுத்திட்டேன். இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். மற்றவர் வாயால் தெரிந்தால் அந்தக் காயம் ஆறாது.

ஜெல்லின் அடிப்படைப் பொருளான பாலிமர் (நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு) இன்னொரு பல்கலைக்கழகம் கொடுத்தது. அதை வாங்கும்போது போட்ட ஒப்பந்தத்தில், அதைக்கொண்டு உருவாகும் எதிலும் தங்களுக்குப் பங்கு என்று ஒரு வரி இருந்திருக்கிறது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதைத் தீர்க்க ஐந்து மாதம்.

அப்புறம் நிறுவனங்களைத் தேடும் வேலை. ரகசியம் எதுவும் இல்லாத ஒரு பக்கக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். ஜெல் எப்படி வேலை செய்கிறது என்று முக்கால் பக்கம் எழுதினேன். அதிகாரி அதை அடித்துவிட்டு, நோயாளி யார், இன்று மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள், அதில் என்ன குறை, உங்களிடம் என்ன ஆதாரம் என்று நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பதில் எழுதி நாற்பதுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு அனுப்பினோம். பெரும்பாலும் மௌனம்தான்.

பேச வந்தவர்களில் ஒருவர் கேட்ட கேள்வி எங்கள் ஆராய்ச்சியையே திருப்பிப் போட்டது. "இதை எப்படிக் கிருமி நீக்கம் செய்வீர்கள்?" ஆய்வகத்தில் கரைசலை நுண்வடிகட்டியில் வடித்து, சுத்தமான பெட்டிக்குள் வைத்து ஜெல்லாக்குவோம். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் அப்படிச் செய்வது கடினம். 121 டிகிரி நீராவியில் வைத்தால் உள்ளே இருக்கும் பெப்டைட் (சிறு புரதத் துண்டு) கெடும். காமா கதிரைக் காட்டிப் பார்த்தோம். நீர் நிறைந்த ஜெல்லில் பாலிமர்ச் சங்கிலிகள் அறுபட்டுக் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. எங்கள் மாணவி நான்கு மாதம் இதோடு போராடினாள். கடைசியில் உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கிக் கதிர் காட்டினாள். நீர் இல்லாததால் சேதம் வெகுவாகக் குறைந்தது. பயன்படுத்தும்போது உப்புநீர் சேர்த்தால் மறுபடி ஜெல். இரண்டாவது விண்ணப்பம் அவள் பெயரில்தான் போனது, உரிமம் விலைபோனதும் அந்தப் பொடியால்தான். சந்தைப் பேச்சை ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

இதற்கிடையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்துக்குள் சர்வதேச விண்ணப்பம். 30 மாதத்துக்குள் பெரும்பாலான நாடுகளில் தனித்தனியாக நுழைய வேண்டும். மொழிபெயர்ப்பு, கட்டணம் என்று செலவு அங்கேதான் ஏறும். உரிமம் எடுக்க யாரும் இல்லையென்றால் பல்கலைக்கழகங்கள் பல கண்டுபிடிப்புகளை அந்தக் கட்டத்தில் கைவிட்டுவிடும். 22ஆவது மாதம் ஒரு சிறு நிறுவனம் ஆறு மாத ஆப்ஷன் எடுத்தது, அதாவது உரிமம் எடுப்பதா என்று முடிவு செய்ய அவகாசம் வாங்கியது. அந்தக் காலத்தில் வேறு யாரிடமும் பேச மாட்டோம், அவர்கள் தங்கள் சோதனைகளைச் செய்துகொள்வார்கள்.

உரிம ஒப்பந்தப் பேச்சுக்கு ஆராய்ச்சியாளர் வர வேண்டிய கட்டாயம் இல்லை. நான் கேட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ராயல்டி சதவீதத்தில் எனக்குக் கருத்து இல்லை. மூன்று விஷயங்களை மட்டும் கேட்டேன். குறித்த தேதிக்குள் அடுத்த கட்டத்துக்குப் போகாவிட்டால் உரிமம் திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் மருந்து அலமாரியில் தூங்கும். எங்கள் ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் தடை வரக் கூடாது. வருமானம் குறைந்த நாடுகளில் காப்புரிமையைக் காட்டி மலிவான தயாரிப்பைத் தடுக்கக் கூடாது.

மூன்றாவதில் பேச்சு நின்றுவிட்டது. அப்போது யேல் பல்கலைக்கழகத்தின் கதையை எடுத்து வைத்தேன். ஸ்டாவுடின் என்ற எச்ஐவி மருந்தின் காப்புரிமை யேலிடம், உரிமம் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப்பிடம் இருந்தது. 2001இல் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் மாணவர்களும் அழுத்தம் கொடுத்த பிறகே, தென்னாப்பிரிக்காவில் மலிவான தயாரிப்புக்குக் காப்புரிமையால் தடை போடமாட்டோம் என்ற முடிவு வந்தது. பிறகு சண்டை போடுவதைவிட இப்போதே எழுதிவிடலாமே என்றேன். நிறுவனத்தின் வழக்கறிஞர் இரண்டு வாரம் கேட்டார். நாடுகளின் பட்டியலைச் சுருக்கினார்கள். நாங்கள் கேட்டதில் முக்கால்வாசி நின்றது. எனக்கு அதில் முழு நிறைவு இல்லை. 29ஆவது மாதம் கையெழுத்தானது.

போன வாரம் அவர்களுடைய முதல் ஆறு மாத அறிக்கை வந்தது. விலங்குகளில் நச்சுச் சோதனை பாதி முடிந்திருக்கிறது, பொடி அறை வெப்பத்தில் கெடாமல் நிற்கிறது. மனிதர்களில் சோதனை தொடங்க வேண்டிய கடைசித் தேதி ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. அதை என் நாட்காட்டியில் குறித்துவைத்திருக்கிறேன்.