மூன்றாவது நிமிடம்

கே.கே.நகரில் நான் போகும் ஜிம்மில், படகில் துடுப்புப் போடுவதுபோல் உட்கார்ந்து இழுக்கிற ரோயிங் மெஷின்கள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. எட்டு மாதமாக அதில் உட்காருகிறேன். முதல் நிமிடம் சுகமாகப் போகும். இரண்டாவதில் தொடை கனக்கும். மூன்றாவதில் தொடை எரியும், மூச்சு பாதியிலேயே நிற்கும், "போதும், விடு" என்று மண்டைக்குள் ஒரு குரல் கேட்கும். பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி பக்கத்து மெஷினில் உட்கார்ந்தாள். பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு சங்கிலியும் ஒரே சத்தமாக ஓடின. நிமிர்ந்து பார்த்தால் ஆறு நிமிடம் தாண்டியிருக்கிறது!

துடுப்புப் போடுவது கை வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கால் உதைக்கிறது, முதுகு வாங்குகிறது, கை கடைசியில்தான் வருகிறது. உடம்பின் பெரிய தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆக்சிஜன் கேட்டால் இதயம் என்ன செய்யும்? ஒலிம்பிக் பந்தயம் 2000 மீட்டர், ஆறேழு நிமிடம். அந்த வீரர்கள் என்னுடைய மூன்றாவது நிமிடத்திலேயே கடைசிவரை குடியிருக்கிறார்கள்.

ஆக்ஸ்போர்டில் 12 துடுப்பு வீரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2010இல் வெளியானது. ஒரு நாள் தனியாக இழுக்க வைத்தார்கள், இன்னொரு நாள் குழுவாக, ஒரே தாளத்தில். முடிந்ததும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, வலிக்கிறது என்று சொல்லும்வரை இறுக்கினார்கள். உழைப்பு இரண்டு நாளும் ஒன்றுதான். ஆனால் குழுவாக இழுத்த நாளில் அவர்கள் கூடுதலாக வலி தாங்கினார்கள். சேர்ந்து இழுக்கும்போது வலியைக் குறைக்கும் எண்டார்பின் என்ற ரசாயனத்தை மூளை அதிகம் சுரக்கிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

நம் துடுப்புப் படகு வீரர் தத்து போகனல் ஞாபகத்துக்கு வருகிறார். நாசிக் பக்கம் வறண்ட கிராமம், கிணறு வெட்டியவர். 2018 ஆசியப் போட்டியில் உடம்பு முடியாமல் தனிப்படகு இறுதிப் போட்டியில் கடைசியாக வந்தார். மறுநாள் சவர்ண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங்கோடு நால்வர் படகில் தங்கம். ஒரே நாளில் அந்த உடம்பு எங்கிருந்து பலம் எடுத்தது என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன்.

அனுப்பானடி மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். தைப்பூசத்துக்கு மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தில் தெப்பம் இழுப்பவர். அந்தத் தெப்பத்துக்கு இன்ஜினும் இல்லை, துடுப்பும் இல்லை. கரையில் நின்று எல்லோரும் சேர்ந்து வடம் பிடித்து இழுப்பதுதான்.

"உள்ளங்கையில தோல் உரிஞ்சிருக்கும்மா. இழுக்கையில தெரியாது. வீட்டுக்கு வந்து, தனியா குளிக்கிறப்பதான் எரியும்" என்றார்.

அந்தப் பெண்ணை நாளைக்கும் ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.