குளத்து எஸ்டிமேட்டை நேரில் பார்த்தேன்

மணலிப் பக்கம் எங்கள் குடியிருப்பை ஒட்டி ஒரு குளம். அரசு நிதியில் சீரமைத்தாகிவிட்டது என்று பலகை வைத்தார்கள். கரையில் நடைபாதை போட்டார்கள், சுற்றிலும் கம்பி வேலி அடித்தார்கள். ஆனால் மழைத் தண்ணீர் குளத்துக்குப் போகவில்லை. பணத்தை எதில் செலவழித்தார்கள் என்று பார்க்க, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். இதே கேள்வியோடு வடசென்னையில் நிறையப் பேர் இருப்பதால், நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் பகுதிக்கு வரும் நிதிக்குப் பல வாசல்கள் உண்டு. கொசஸ்தலையாறு வடிநிலத்தின் மழைநீர் வடிகால் வேலை 3,220 கோடி ரூபாய்த் திட்டம், அதற்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன். 2024-இல் வடசென்னை வளர்ச்சித் திட்டம் வந்தது. நீர்நிலைகளுக்கு மாநில அரசு நிதியும் வரும், ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியும் வரும். எந்த வாசல் வழியாகப் பணம் வந்ததோ, கோப்பு அந்த அலுவலகத்தில்தான் இருக்கும். அது தெரியாவிட்டாலும் மனுவை நிறுத்த வேண்டாம். வேறு அலுவலகத்துக்கு உரியதென்றால் 5 நாளுக்குள் அவர்களே அங்கு அனுப்ப வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் பிரிவு 6(3).

மனுவை எழுத உதவியவர் எங்கள் தெருவில் இருக்கும், ஓவர்சியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். "பணம் எங்க போச்சுன்னு கேக்காதம்மா, அதுக்குப் பதிலே வராது. காகிதத்தோட பேரைச் சொல்லிக் கேளு" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: நிர்வாக அனுமதி ஆணை, எஸ்டிமேட் என்கிற செலவு மதிப்பீடு, ஒர்க் ஆர்டர் என்கிற வேலை உத்தரவு, எம்-புக், கடைசி பில். எம்-புக் என்பது வேலையை அளந்து குறித்துவைக்கும் புத்தகம். அதில் ஏறாத வேலைக்குப் பில் போட முடியாது. கூடவே, பிரிவு 2(j)-இன்படி கோப்பையும் வேலை நடந்த இடத்தையும் நேரில் பார்வையிட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அந்த ஒரு வரிதான் கடைசியில் எனக்குக் கோப்பைத் திறந்துவிட்டது.

10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, மனுவைக் கையில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டேன். 30 நாள் கெடு தாண்டியும் பதில் இல்லை. அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது. கெடு தாண்டிவிட்டதால் நகல்களை இலவசமாகவே தர வேண்டும் என்று பிரிவு 7(6)-ஐயும் குறிப்பிட்டேன். அதன் பிறகுதான் வந்து பார்க்கச் சொல்லிக் கடிதம் வந்தது.

பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பெரியவரும் கூட வந்தார். எஸ்டிமேட்டில் தூர்வாருதல், கரை பலப்படுத்துதல், நடைபாதை, வேலி எல்லாம் இருந்தன. எம்-புக் அளவுகளும் அதற்குப் பொருந்தின. திருட்டைத் தேடிப் போன எங்களுக்கு அது கிடைக்கவில்லை. கண்ணில் பட்டது வேறு: வரத்துக்கால்வாய் எஸ்டிமேட்டிலேயே இல்லை. தண்ணீர் வரும் வழிக்கு ஒரு ரூபாய்கூடக் கேட்கப்படவில்லை. பெரியவர் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. சதுப்பும் உப்பங்கழியும் ஏரியுமாக இருந்த எண்ணூர், மணலி வட்டாரத்தில் தண்ணீரின் பாதையை விட்டுவிட்டுக் கரைக்கு மட்டும் அழகு செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. குளத்துக்கு நிதி என்றால் முதல் செலவு வரத்துக்கால்வாய்க்குத்தான் இருக்க வேண்டும், நடைபாதை அப்புறம்தான்.

பக்கங்களின் நகலை வாங்கி, பழைய கிராம வரைபடத்தில் கால்வாய் ஓடிய இடத்தைக் குறித்து, இரண்டையும் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் மனுவோடு கொடுத்தோம். தெருப் பெண்கள் பலர் கையெழுத்திட்டார்கள். கோரிக்கை கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. கால்வாயை அளந்து எல்லைக்கல் நட வருவாய்த் துறைக்குத் தனி மனு கொடுத்திருக்கிறோம். அளவை முடியாமல் புதிய எஸ்டிமேட் போட முடியாது என்பதால், இப்போது சர்வேயர் வரும் தேதிக்காகக் காத்திருக்கிறோம்.